ரெகுலேட்டரைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, என்னிடம் 2012 மாடல் 100 சிசி பைக் இருக்கிறது. ஹெட்லைட் பல்ப் மாதத்துக்கு ஒன்று போகிறது. ஒரு வருஷத்துக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாச்சு. ரெகுலேட்டர்தான் கோளாறு என்று மெக்கானிக் ஒன்று மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை. அந்த ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது? போய்விட்டது என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது? நானே மாற்றலாமா? ஊர் வீட்டில் ஐயா காலத்து அம்பாசிடர் ஒன்றும் நிற்கிறது. அதற்கும் இதே வைத்தியம்தானா?"

தாராளமாக நீங்களே மாற்றலாம், தம்பி. ஒன்றோ இரண்டோ போல்ட், ஒரு கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளக்), வேலை அவ்வளவுதான். ஆனால் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். புது ரெகுலேட்டர் போட்ட பிறகும் பழைய கோளாறு திரும்பி வந்திருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். வாங்கியது மட்டமான சாமானாக இருக்கலாம். அதைவிட அதிகமாக நடப்பது, நல்ல ரெகுலேட்டரை வேலை செய்யவிடாமல் வெளியே ஏதோ ஒன்று தடுப்பது. பல்பும் பேட்டரியும் சேர்ந்து அடிவாங்குவதைக் கேட்டால் எனக்கு முதல் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் வழி மேல். இன்னொரு ரெகுலேட்டரோ மூன்றாவது பேட்டரியோ வாங்குவதற்கு முன்னால் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும்.

ரெகுலேட்டர் என்கிற அந்தச் சின்னப் பெட்டி என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் புரியும். இன்ஜினுக்குள் மேக்னெட் சுற்றும்போது காயிலில் ஏசி மின்சாரம் உண்டாகிறது. இன்ஜின் வேகம் ஏற ஏற அதன் வோல்டேஜும் ஏறிக்கொண்டே போகும்; தானாக ஓரிடத்தில் நிற்காது. ரெகுலேட்டருக்கு இரண்டு வேலை. ஏசியை டிசியாக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்ப வேண்டும். பதினான்கு சொச்சம் வோல்ட்டுக்கு மேல் போகாமலும் பிடித்து நிறுத்த வேண்டும். பெரும்பாலான பைக்குகளில் இருப்பது ஷண்ட் வகை. கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியே வெளியேறுகிற மாதிரி, தேவைக்கு மேல் வரும் மின்சாரத்தை அது எர்த்துக்குத் தள்ளிவிடுகிறது. எர்த் சரியில்லை என்றால் மிச்சம் போக வழியில்லை. ரெகுலேட்டர் புத்தம் புதிதாக இருந்தாலும் வோல்டேஜ் எகிறத்தான் செய்யும்.

உங்கள் வண்டி போன்ற அந்தக் காலத்து 100 சிசி பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, காயிலிலிருந்து வரும் ஏசியிலேயே எரிகிறது. இதைச் சரிபார்ப்பது சுலபம். இன்ஜினை அணைத்தால் ஹெட்லைட் எரியாது. ஐட்லிங்கில் மங்கலாக இருக்கும், ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பளிச்சென்று ஏறும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் பேட்டரியில் ஓடும். பல்புக்குப் போகும் ஏசியையும் பேட்டரிக்குப் போகும் டிசியையும் ஒரே பெட்டிதான் அடக்கி வைக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இரண்டும் ஒன்றாகப் போகின்றன.

சரி, பெட்டி எங்கே? கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். சீட்டுக்கு அடியில் பேட்டரி அருகில், சைடு பேனலுக்குள், டேங்குக்குக் கீழே ஃபிரேமில், ஹெட்லைட் டூமுக்குப் பின்னால் என்று எங்கும் இருக்கலாம். பல ஸ்கூட்டர்களில் முன்பக்கப் பேனலுக்குள் வைத்திருப்பார்கள். தேடித் திணறத் தேவையில்லை. இன்ஜினில் மேக்னெட் கவர், பெரும்பாலான பைக்குகளில் இடது பக்கம், அங்கிருந்து ஒரு கட்டு வயர் வெளியே வரும். அதைக் கையால் தடவிக்கொண்டே மேலே போங்கள். ஒரு கப்ளர் வரும். அங்கிருந்து தொடர்ந்து போனால் அலுமினியத்தில் வரிவரியாகத் துடுப்பு வைத்த, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கட்டி இருக்கும். அதுதான். இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடியபின் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும். அது கோளாறு இல்லை, சூடாகத்தான் இருக்க வேண்டும்.

இனி அளவெடுப்போம். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்யாமலே, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துப் பேட்டரியின் இரண்டு டெர்மினல்களில் பிடியுங்கள். 12.6 முதல் 12.8 வரை காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.0 பக்கம் என்றால் கிட்டத்தட்டக் காலி. அப்படிக் காலியான, அல்லது ஒரு செல் செத்துப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங்கைச் சோதித்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள். வெளியே கொடுத்து முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள், அல்லது நல்ல பேட்டரி ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐட்லிங்கில் 13 வோல்ட்டை ஒட்டி இருந்தால் போதும். இந்தச் சின்ன வண்டிகளில் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பிறகு மெதுவாக ஆக்ஸிலேட்டரைத் திருகுங்கள். உங்கள் வண்டியில் டாக்கோமீட்டர் இருக்காது. மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கேட்கும் இன்ஜின் சத்தம் உங்களுக்குப் பழக்கம்தானே, அந்த அளவுக்கு ஏற்றினால் சரியாக இருக்கும். 13.8க்கும் 14.5க்கும் இடையில் போய் நின்றுவிட்டால் நல்லது. 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஓவர்சார்ஜ். பேட்டரி சாவதற்குக் காரணம் அதுதான். நின்றபோது இருந்த வோல்ட்டிலேயே கிடந்தாலோ இறங்கினாலோ சார்ஜ் ஏறவே இல்லை.

மூன்றாவது அளவு ஹெட்லைட்டில். மீட்டரை ஏசிக்கு மாற்றுங்கள். ஹெட்லைட்டை எரியவிட்டபடியே பல்பின் கனெக்டருக்குப் பின்புறமாக மீட்டர் முனைகளைச் செருகி, அதே இன்ஜின் வேகத்தில் பாருங்கள். 13 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ரெகுலேட்டர் வெட்டி அனுப்பும் ஏசி என்பதால் மலிவு மீட்டரில் கொஞ்சம் கூடக்குறையக் காட்டும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 16, 18 என்று ஏறினால் எந்தப் பல்ப்பும் தாங்காது.

இப்போதுதான் முக்கியமான சோதனை. பல பட்டறைகளில் இதைச் செய்வதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் அஞ்சு நிமிஷ வேலை. ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றாமல், அதன் எர்த் வயர் பின்னுக்குப் பின்புறம் மீட்டரின் ஒரு முனையை வையுங்கள். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் எர்த் பச்சை, பேட்டரிக்குப் போவது சிவப்பு, சார்ஜிங் காயில் வெள்ளை, லைட்டிங் காயில் மஞ்சள். மற்ற கம்பெனிகளில் நிறம் மாறும். இன்னொரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் பிடித்து, லைட்டைப் போட்டு, இன்ஜினை ஏற்றுங்கள். டிசியில் ஒரு தடவை, ஏசியில் ஒரு தடவை பாருங்கள். இரண்டு புள்ளியும் எர்த்தான் என்பதால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. உறுதி செய்ய, தடிமனான ஒரு வயரை எடுத்து அந்தப் பச்சைப் பின்னிலிருந்து நேரே பேட்டரி நெகட்டிவுக்குத் தற்காலிகமாகக் கொடுங்கள். கொடுத்ததும் ஹெட்லைட் ஏசி 13க்கு இறங்கி, பேட்டரி வோல்டேஜும் அடங்கினால் ரெகுலேட்டருக்கு ஒரு குறையும் இல்லை. குற்றவாளி எர்த்.

எர்த் கெடுவதற்கு நம் பக்கத்தில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. கோடை முழுக்கச் செம்மண் புழுதி கப்ளருக்குள்ளும், எர்த் வயர் முனையில் போல்ட் மாட்டும் வளையமான லக்குக்கு அடியிலும் போய் உட்காருகிறது. ஐப்பசி மழையில் அது ஈரமாகிறது. உள்ளே பச்சையாகப் பூத்துவிடும். இன்னொரு காரணம் பெயின்ட். வண்டியைப் புதுசாக்குகிறேன் என்று ஃபிரேமுக்கு பெயின்ட் அடிக்கும்போது எர்த் லக் உட்காரும் இடத்துக்கும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். மேலே போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் லக் பெயின்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தை உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியத் தேயுங்கள், லக்கையும் தேயுங்கள், இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். ரெகுலேட்டரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனியாக ஒரு எர்த் வயரை நிரந்தரமாகவே இழுத்துவிட்டாலும் நல்லது. எந்தத் தீங்கும் இல்லை.

எர்த் சுத்தம், சிவப்பு வயரும் சுத்தம் (அதையும் இதே மாதிரி ரெகுலேட்டர் பின்னுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையில் அளந்து பார்க்கலாம்), அப்படியும் 15க்கு மேல் போகிறது என்றால் ரெகுலேட்டர் போனது உறுதி. சார்ஜே ஏறவில்லை என்றால் அவசரப்பட்டு ரெகுலேட்டரைச் சொல்லிவிடக் கூடாது, காயிலையும் பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்து, கப்ளரைக் கழற்றி, மீட்டரை ஓம்ஸில் வைத்து வெள்ளைக்கும் எர்த்துக்கும், மஞ்சளுக்கும் எர்த்துக்கும் அளந்தால் ஒரு ஓம் பக்கமோ அதற்குக் குறைவோ காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. அது இன்ஜின் கவரைத் திறக்கிற வேலை, அதை மெக்கானிக்கிடமே விடுங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்து, "வண்டி அணையவில்லை, சார்ஜிங் நன்றாக இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேட்டரி இல்லாதபோது வோல்டேஜ் சட்டென்று எகிறும். நன்றாக இருந்த ரெகுலேட்டர் அந்தச் சோதனையிலேயே போய்விடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவும் கூடவே போகலாம்; அது பல ஆயிரம் ரூபாய் சாமான்.

மாற்றுவது என்று முடிவானால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் கடையில் காட்டி வாங்குங்கள். காரைக்குடி நூறடி ரோடு வரை போகிறவர் வண்டி மாடலை மட்டும் சொல்லி வாங்கிவர வேண்டாம். பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி நாலு பின் கப்ளர் இருக்கும், பின்களின் வரிசை மட்டும் மாறியிருக்கும். செருகினால் அழகாகப் போய் உட்காரும், வயரிங் எரியும். நிறத்தை நம்பாமல் எந்த இடத்தில் எந்த வயர் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கம்பெனி ஒரிஜினல் பாகம் விலை கூடுதல்தான். ஆனால் மட்டமான ஒன்று கொல்லப்போகும் பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அது மிச்சம் என்பது என் கருத்து.

கழற்றும்போது சாவியை எடுத்துவிட்டு, முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்டி ஆறட்டும். கப்ளரின் பூட்டை அழுத்தி, கப்ளரைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பெண் கப்ளரின் (மற்றதன் பின்கள் உள்ளே நுழைகிற பக்கம்) பின்களை வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அந்தப் பின் புதியதையும் எரிக்கும். உங்கள் புது ரெகுலேட்டர் சீக்கிரம் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். புதுப் பின்னோ கப்ளரோ வாங்கிச் சரியாக கிரிம்ப் செய்து போடச் சொல்லுங்கள். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றுவது சார்ஜிங் லைனில் கூடவே கூடாது. இங்கே ஓடும் கரண்டுக்கு அந்த முறுக்கு சூடாகி, டேப் உருகி, ஒரு நாள் ஃபிரேமில் பட்டுவிடும்.

புதியதை அதே இடத்தில், உலோகத்தோடு உலோகம் ஒட்டி உட்காரும்படி பொருத்துங்கள். அந்த ஃபிரேம் வழியாகத்தான் அதன் சூடு இறங்குகிறது. போல்ட் துரு என்று கேபிள் டையில் கட்டித் தொங்கவிட்டால் சூடு இறங்காமல் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். பேட்டரியை மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், பிறகு நெகட்டிவ். இரண்டு வயரையும் ஒரு விநாடி இடம் மாற்றி மாட்டினாலும் ரெகுலேட்டருக்கு உள்ளே இருக்கும் டயோடுகள் காலி, வாரண்டியும் கிடைக்காது. பேனலை மூடுவதற்கு முன்னால் மேலே சொன்ன அளவுகளைத் திரும்ப எடுங்கள். பிறகு அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு இன்னொரு முறை எடுங்கள். குளிர்ந்திருக்கும்போது 14.2 காட்டிவிட்டு, சூடானதும் அளவு தவறிப்போகிற பெட்டிகள் உண்டு.

சூடு என்றதும் ஒரு விஷயம். லெட் ஆசிட் பேட்டரியில் செல் ஒன்றுக்கு 2.4 வோல்ட், அதாவது 12 வோல்ட் பேட்டரிக்கு 14.4 வோல்ட் பக்கம் போனால் தண்ணீர் வாயுவாகப் பிரிய ஆரம்பிக்கும். இது 25 டிகிரிக் கணக்கு. சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் செல்லுக்கு 3, 4 மில்லிவோல்ட் வீதம் இந்த எல்லை கீழே இறங்கும். கத்திரி வெயிலில் நிறுத்திய வண்டியின் சீட்டுக்கு அடியில் 45 டிகிரி என்பது சாதாரணம். அங்கே எல்லை 14க்கே வந்துவிடுகிறது. ஆகவே ஊட்டியில் 14.9 வோல்ட்டை ஒரு வருஷம் தாங்கும் பேட்டரி நம் ஊரில் அவ்வளவு தாங்காது. மூடிய விஆர்எல்ஏ பேட்டரி என்றால் போன தண்ணீரை ஊற்றி நிரப்பவும் முடியாது. அழுகிய முட்டை நாற்றம், பக்கவாட்டில் வீக்கம், திறந்த வகையில் டிஸ்டில்டு வாட்டர் சீக்கிரம் குறைவது, இவை தெரிந்தால் அன்றைக்கே வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரி உள்ளிட்ட மின்வேதியியலை ஆராயும் சிக்ரி என்ற தேசிய ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது. அந்த ஊரைச் சுற்றியுள்ள நாம் பேட்டரியை வெயிலிலும் ஓவர்சார்ஜிலும் சாகவிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

புது வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: மூன்று ஒரே நிற வயர், பெரும்பாலும் மஞ்சள், காயிலிலிருந்து வந்தால் அது த்ரீ ஃபேஸ். அங்கே காயில் எர்த்தைத் தொடவே கூடாது. எந்த மஞ்சளுக்கும் எர்த்துக்கும் இடையில் மீட்டர் தொடர்பு காட்டினால் காயில் போச்சு. மஞ்சள் ஒவ்வொரு ஜோடிக்கும் இடையில் கிடைக்கும் ஏசி வோல்டேஜ் மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன்; பெட்ரோல் பம்ப்பே கரண்டில் ஓடுவதால் ரெகுலேட்டர் போனால் சிறிது தூரத்தில் வண்டியே நின்றுவிடும். வாரண்டி இருக்கும்வரை அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

இனி அம்பாசிடர். மிகப் பழைய மாடல் என்றால் அதில் டைனமோதான் இருக்கும், ஆல்டர்னேட்டர் இருக்காது. போனட்டைத் திறந்தால் இன்ஜின் அறையின் சுவரில் கறுப்பு மூடி போட்ட பெட்டி தெரியும். இதன் ரெகுலேட்டர் அதுதான். நம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் கட்அவுட் என்பார்கள். உள்ளே இரண்டோ மூன்றோ காயில் சுற்றிய பாபின்கள், அவற்றின் மேல் திறந்து மூடும் பாயின்ட்டுகள். ஒரு பாபின் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிறது. இன்னொன்று, கட்அவுட் என்பது அதுதான், டைனமோ 13 வோல்ட்டை ஒட்டி வந்ததும் பேட்டரியோடு இணைத்து, இன்ஜின் நின்றதும் பிரிக்கிறது. இதில் பெட்டியைப் பழிக்கும் முன் டைனமோவைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அதன் டி (கரண்ட் வெளியே வரும் முனை), எஃப் (ஃபீல்டு காயில் முனை) வயர்கள் இரண்டையும் கழற்றி, டைனமோவின் அந்த இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து பாடிக்கு மீட்டர் பிடித்து, இன்ஜினை ஐட்லிங்குக்குச் சற்று மேல் மட்டும் ஏற்றுங்கள். வோல்டேஜ் சீராக ஏறினால் டைனமோ நலம். 20 வோல்ட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் ஏற்றினால் டைனமோ கெடும்.

வருஷத்தில் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் வெளியே வரும் காரில் பெரும்பாலும் பாயின்ட் கறுத்திருப்பதுதான் கோளாறு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மிக நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தூசியை எடுத்தாலே பல பெட்டிகள் உயிர்பெறும். ஸ்க்ரூவைத் திருகி அட்ஜஸ்ட் செய்யும் வேலையை டைனமோ வண்டி பார்த்த பழைய எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கொடுங்கள். அப்படிப்பட்டவர்கள் காரைக்குடியிலும் புதுக்கோட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். பெட்டியையே மாற்றினால் உங்கள் வண்டியில் எர்த் நெகட்டிவா பாசிட்டிவா என்று முதலில் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்குப் பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்தால் அந்த நொடியே போய்விடும்.

இதில் அலட்சியம் கூடாத ஒன்று, கட்அவுட் பாயின்ட் ஒட்டிக்கொள்வது. இன்ஜினை நிறுத்திய பிறகும் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குக் கரண்ட் திரும்ப ஓடும். அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்தே கிடக்கும், வயர் சூடாகி வாசம் வரும். ஆள் இல்லாத வீட்டில், பர்மா தேக்குத் தூணுக்குப் பக்கத்துக் கொட்டகையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே கட்அவுட்டைப் பழுது பார்க்கிறீர்களோ இல்லையோ, பேட்டரி டெர்மினலில் அதன் இணைப்பையே துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் போட்டுவிடுங்கள். பேட்டரியோடு எர்த் ஸ்ட்ராப் இணையும் இடத்தில் வைத்தால் போதும். காரை உள்ளே விட்டதும் அதைத் திருப்பி அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டச் சொல்லி வாட்ச்மேனிடம் காட்டிக் கொடுங்கள்.